குழந்தைகள் பார்க்கக் கூடாத செய்தி

எனக்கு டிவி பார்க்கிற பழக்கம் கிடையாது. நாள் முழுக்க அதுவே பிழைப்பாக இருக்கிறவன் வீட்டுக்கு வந்தும் அதன் முன்னால் உட்காருவானா? சாயங்காலம் காப்பி குடித்துவிட்டுப் பையனுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுப்பேன், அவ்வளவுதான்.

தணிக்கைத் துறையில் குழந்தைகள் பாதுகாப்புப் பிரிவுக்கு நான்தான் தலைமை அதிகாரி. மாலை நேரத்தில் ஒளிபரப்பாகிற எதுவும் என் கண்ணைத் தாண்டித்தான் போக வேண்டும். எங்கள் அறையில் ஒரு வழக்கம் உண்டு. திரைக்கு முன்னால் பாலர் பள்ளி நாற்காலி ஒன்று கிடக்கும். அதிகாரி அதில் உட்கார்ந்துதான் பார்க்க வேண்டும். முழங்கால் மோவாயை இடிக்கும், இடுப்பு விட்டுப்போகும். ஆனால் குழந்தைக்குத் திரை எவ்வளவு பெரிதாகத் தெரியுமோ அவ்வளவு பெரிதாகத் தெரியும். எந்த இடத்தில் வயிற்றைப் பிசைகிறதோ அங்கே கையிலிருக்கும் மணியை அடிக்க வேண்டும். அடித்த இடம் படமும் சத்தமுமாகச் சேர்ந்து வெட்டுப்பட்டுவிடும். இந்த ஏற்பாட்டைக் கொண்டுவந்தது நான். சும்மா பெருமைக்குச் சொல்லவில்லை, கோப்பைப் புரட்டினால் உங்களுக்கே தெரியும்.

இதையெல்லாம் பெற்றவர்கள் பார்த்துக்கொள்ள மாட்டார்களா, அரசாங்கத்துக்கு இதில் என்ன வேலை என்று கேட்பவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. பெற்றவர்கள் எதைப் பார்த்துக் கிழித்தார்கள்? பிள்ளை கையில் ரிமோட்டைத் திணித்துவிட்டுப் போனில் தலையைக் கவிழ்த்துக்கொள்கிற கூட்டம் அது. பிள்ளை தூக்கத்தில் அலறினால் மறுநாள் புகார் எங்களுக்குத்தான் வரும். அவர்கள் செய்யாத வேலையைத்தான் நான் செய்தேன்.

அந்த நிருபரைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் பிரிவில் அவளுக்கு வாயாடி என்று பெயர். வைத்தவன் நான்தான். ஒரு நாள் ஓர் இருமல் மருந்தைப் பற்றிய செய்தியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அதைக் குடித்த குழந்தைகளுக்குச் சிறுநீரகம் நின்றுபோகிறதாம், சில குழந்தைகள் இறந்தே போயின என்றாள். திரையில் ஒரு வார்டு. கட்டிலில் முகம் வீங்கிய ஒரு குழந்தை. நான் மணியடித்தேன். அதன் அம்மா தரையில் விழுந்து அழுதாள். அடித்தேன். ஒரு தகப்பன் காலி பாட்டிலைக் காட்டி மருந்தின் பெயரைச் சொன்னான். அதற்கும் அடித்தேன்.

"படத்தை எல்லாம் எடுத்துடுங்க சார், பரவாயில்ல. மருந்து பேரை மட்டும் விட்டுடுங்க" என்றாள்.

"மருந்து பாட்டிலைக் காட்டிப் பயமுறுத்தினா, நாளைக்கு எந்தக் குழந்தைம்மா மருந்து குடிக்கும்?"

"குடிக்காம இருந்தாத்தான் சார் பொழைக்கும். அந்த நாற்காலியை விட்டு எழுந்து, ஒரே ஒரு தடவை பெரிய மனுஷனா நின்னு பாருங்க."

படம் ஓட்டுகிற உதவியாளர் சிரித்துவிட்டார். எனக்குக் கோபம் வந்தது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் கோபத்தில் எதையும் முடிவு செய்கிற ஆள் இல்லை நான். அடித்த மணியை நான் என்றைக்கும் திரும்பப் பெற்றதில்லை. ஒரு தடவை இறங்கிப் போனால் அப்புறம் எல்லோரும் தலையில் ஏறி மிளகாய் அரைப்பார்கள். வெட்டியது போக மிச்சம் இருந்தது ஒன்றுக்கும் ஆகாது என்பதால் முழுச் செய்தியையும் தடை செய்தேன். தடையை மீறினால் சேனலையே மூடிவிடுவோம் என்பதால் அவள் முதலாளியும் வாயைத் திறக்கவில்லை. மருந்துத் துறைக்காவது சொல்லியிருக்கலாமே என்று நேற்று விசாரணையில் கேட்டீர்கள். அது என் பிரிவு இல்லை.

அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை என் தங்கை கீழே இறங்கி வந்தாள். எங்கள் வீட்டு மாடியில்தான் இருக்கிறாள். அவள் வீட்டுக்காரருக்கு வெளியூரில் வேலை, அதனால் எதற்கும் என்னைத்தான் கேட்பாள்.

"அண்ணா, பாப்பாவுக்கு இருமல் விடவே மாட்டேங்குது. கடைக்காரர் இதைக் குடுத்தார். குடுக்கலாமா?"

அதே பாட்டில்தான். பார்த்தவுடன் தெரிந்தது.

"டாக்டரைக் கேட்டுக்கோம்மா."

"ஞாயித்துக்கிழமை டாக்டர் எங்கண்ணா இருப்பார்? நீ சொன்னாப் போதும்."

"அப்போ கடைக்காரர் சொன்ன அளவு குடு" என்றேன்.

அறையில் பார்த்ததை வெளியே சொல்லக் கூடாது என்பது எங்கள் விதி. தங்கை என்பதற்காக அவளிடம் மட்டும் சொன்னால், சொல்லாமல் விட்ட மற்ற அம்மாக்களுக்கு நான் என்ன பதில் சொல்வது? ஊருக்கு ஒரு நியாயம், என் வீட்டுக்கு ஒரு நியாயம் என்று நான் இருந்ததில்லை. தவிர, சொல்லியிருந்தால் தெரு முழுக்கப் பரவி, அந்த வாயாடி சொன்னதுதான் சரி என்று ஆகியிருக்கும்.

பாப்பா மறு வாரம் போய்விட்டாள். அவள் ஒருத்தி மட்டும் இல்லை, அது உங்களுக்கே தெரியும். ஆஸ்பத்திரியில் அவள் முகம் நன்றாக வீங்கியிருந்தது. என் பையன் எட்டிப் பார்க்க வந்தான், அவன் கண்ணைப் பொத்தி வெளியே கூட்டிக்கொண்டு போனேன். யாராவது ஒருவர் அதைச் செய்ய வேண்டும் அல்லவா? தங்கை இப்போது என் முகத்தில் விழிப்பதில்லை. பெற்ற வயிறு, அப்படித்தான் இருக்கும். நான் அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை.

அந்தச் செய்தியை நம்பினீர்களா என்று திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். நம்பவில்லை. ஊர்ஜிதமாகாத செய்தி அது. நம்பியிருந்தால் தங்கை மகளுக்குக் கொடுக்கச் சொல்லியிருப்பேனா?

என் மனைவி உங்களிடம் சொன்னதும் உண்மைதான். அதை மறைக்க எனக்கு ஒன்றும் அவசியம் இல்லை. செய்தியைத் தடை செய்த அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனதும், செருப்பைக்கூடக் கழற்றாமல், பையனுக்கு வாங்கி வைத்திருந்த அதே மருந்தை எடுத்துப் பாத்திரம் கழுவும் தொட்டியில் கொட்டிக் குழாயைத் திறந்துவிட்டேன். ஏன் என்று கேட்டவளிடம் தேதி முடிந்துவிட்டது என்றேன். காலி பாட்டிலைக் காகிதத்தில் சுற்றி, மாடியில் இருப்பவர்கள் கண்ணில் படாதபடி தெருமுனைக் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டு வந்தேன். பார்த்தால் பயந்துவிடுவார்கள்.