நீந்தத் தெரியும் என்று எழுதியவர்

கோப்பை கழுவும் வேலை கேட்டு சுவிஸ் மலையூரான டாவோஸுக்கு ரயிலில் போய்க்கொண்டிருந்தேன். எதிரில் யாழ்ப்பாணத்துக் கணவனும் மனைவியும்.

“நெருப்புக்குச்சி காட்டினா ஏரி எரியும்,” என்றார் கணவர்.

“விசர்க்கதை கதையாதேங்கோ.”

“உண்மையப்பா. தண்ணி சூடாக, அடியில கிடக்கிற இலைகுழை கெதியா அழுகுது. அதில வாற எரிவாயு குமிழியா மேல வந்து ஐஸுக்குக் கீழ நிக்குது. ஐஸைத் துளைச்சு அதை அளக்கிறதுதான் எங்கட வேலை.”

“ஐஸ் ஆளைத் தாங்குமோ?”

“முந்தித் தாங்கினது. இப்ப மெல்லிசு. போன கிழமை என்னோட வந்தவன் உள்ள விழுந்திட்டான். நீந்தினபடியால் தப்பினான்.”

அவள் குரல் தணிந்தது. “உங்களுக்கு நீந்தத் தெரியாதெண்டு வேலையிடத்தில சொன்னனீங்களோ?”

“வேலைக்குச் சேரேக்க, தெரியுமெண்டு எழுதிக் குடுத்திட்டன்.”



“நாளைக்கு நானும் வாறன். இடுப்பில கயிறு கட்டுங்கோ. மற்ற நுனியைக் கரையில நிண்டு நான் பிடிக்கிறன்.”