கரி எரிக்கும் மூன்று நாள்

எனக்குக் கட்டன்சாயா போதும், சார். பால் ஒத்துக்கொள்வதில்லை. என் சம்சாரம் ராமாத்தாள் என்னை விட்டு அண்ணன் வீட்டுக்குப் போனபின் பால் வாங்குவதையே நிறுத்திவிட்டேன். ஒருத்தனுக்காக என்ன பால்.

எங்கள் கம்பெனி முதலமடைக்கும் கோபாலபுரத்துக்கும் நடுவே வெட்டவெளியில் இருக்கிறது, நீங்களே பார்த்தீர்கள். எழுபத்திரண்டிலிருந்து அங்கே இருக்கிறேன். ஸ்பிரிட் ஆவியை ஜியோலைட் உருண்டைகள் நிறைந்த கலத்தின் வழியே விட்டு ஈதர் எடுக்கிறோம். உருண்டைகள் புதிதில் வெள்ளையாக இருக்கும். நாற்பது நாளில் கரி படிந்து வேலை செய்யாது. அப்போது நைட்ரஜனில் கொஞ்சம் கொஞ்சமாகக் காற்றைக் கலந்து உள்ளே விட்டு, கரியை மெதுவாக எரித்தெடுக்க வேண்டும். அவசரப்பட்டால் சூடு ஏறி உருண்டைகள் கட்டிதட்டிப் போகும். மூன்று நாள், இரண்டு ஆள், மாறி மாறி மீட்டரைப் பார்க்க வேண்டும். மற்ற நாட்களில் எனக்கு ஒற்றையாள் ஷிப்ட். எரிக்கிற மூன்று நாள் மட்டும் காளிச்சாமி என்னோடு இருப்பான்.

இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன். கலகலவென்று பேசுவான். மனைவி பழனாத்தாள் கட்டிக்கொடுத்த சோற்றில் பாதியை என் தட்டில் தள்ளி, "தின்னுங்கண்ணா, எளச்சுப் போயிட்டீங்க" என்பான். நான் இளைத்ததை அவன் ஒருத்தன்தான் பார்த்தான்.

நாற்பது நாள் காத்திருப்பது எனக்கு அதிகமாகப் பட்டது. கலத்தின் சூட்டைச் சற்றுக் கூட்டி வைத்தேன். இருபத்தைந்து நாளிலேயே கரி படிந்தது. உருண்டை மட்டம் என்று மேனேஜர் அதை அனுப்பும் பம்பாய்க் கம்பெனிக்குக் கடிதத்துக்கு மேல் கடிதம் போட்டார். எனக்குச் சிரிப்பாக இருந்தது.

இந்தப் பங்குனியில் காளிச்சாமிக்குக் கொச்சியில் வேலை கிடைத்தது.

"திங்கக்கெழம சேரோணுங்கண்ணா. ஊட்டோட போயிர்றோம்" என்றான். அப்படி ஒரு சந்தோஷம் முகத்தில். என்னைப் பற்றி அவன் யோசிக்கவே இல்லை. அது வலித்தது, மறைப்பானேன்.

கடைசி எரிப்பில் வேண்டுமென்றே காற்றை அதிகம் விட்டேன். உருண்டைகள் கட்டிதட்டின. இனி யாராவது உள்ளே இறங்கி வெட்டித்தான் எடுக்க வேண்டும். இறங்குமுன் நைட்ரஜனை மூடி, ஒரு நாள் முழுக்க நல்ல காற்றை ஊதி, கிணற்றுக்குச் செய்வது போல விளக்கை இறக்கிப் பார்ப்போம். அணைந்தால் உள்ளே மூச்சுவிடக் காற்றில்லை என்று அர்த்தம். நைட்ரஜன் வால்வை நான் முழுக்க மூடவில்லை. விளக்கு பாதி ஆழத்தில் அணைந்தது.

காளிச்சாமி இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டே கேட்டான். "ஏனுங்கண்ணா, வெளக்கு எரியுதுங்களா?"

"எரியுது. எறங்கப்பா."

லேசாக மயங்கினால் போதும். ஒரு வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்தால் கொச்சிக்காரன் வேறு ஆளைப் போட்டுக்கொள்வான். நான் நினைத்தது அவ்வளவுதான். அவனைக் கொல்ல எனக்கென்ன பைத்தியமா.

கயிற்றின் மறுநுனி என் கையில் இருந்தது. இரண்டு தரம் இழுத்தால் தூக்க வேண்டும் என்பது எங்கள் பேச்சு. இரண்டு தரம் இழுத்தான். கொஞ்சம் பொறுத்து மறுபடியும் இரண்டு தரம். கயிறு சிக்கிக்கொண்டது என்று நான் முதலில் எழுதிக்கொடுத்தது பொய், சார். சிக்கவில்லை. கையில்தான் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்படி ஒருத்தர் என்னை வேண்டிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. சட்டென்று தூக்கி அதை முடித்துவிட எனக்கு மனம் வரவில்லை.