பேஸ் வராத பெட்டி

இல்ல அண்ணன், பின்பக்கத்த இப்ப தொடாதீங்க. முதல்ல இருங்க, தேத்தண்ணி ஆறிப்போகும். நான் இஞ்ச திரைக்கிட்டயே நிண்டு கதைக்கன், குறையா நினைக்காதீங்க. வாசல் கதவு திறந்தே கிடக்கட்டும். எங்கட உம்மா பின்னுக்குக் குசினிக்க மீன் வெட்டுறா. அதால கொஞ்சம் மெதுவாக் கதைப்பம்.

ஓம், ஃபோன்ல சொன்னதுதான். பாட்டுக்கு அடியில திம்திம்மெண்டு அதிருற அந்த பேஸ் வருதில்ல. உங்கட கடையில போட்டுக் காட்டக்குள்ள நெஞ்சுக்க வந்து குத்தினதாம். அத நம்பித்தான் எங்கட இவர், மிஹ்லார், இந்த ரெண்டு உயர ஸ்பீக்கர் பெட்டியையும் தூக்கிட்டு வந்த. வந்த முதல் வெள்ளிக்கிழமை நல்லாத்தான் கேட்ட. மறுகாதான் இப்பிடி, தகரப் பேணிக்க இருந்து பாடுற மாதிரி.

இடமா? இந்த ஹோலுக்க அவர் வெச்சிப் பாக்காத இடம் இல்ல அண்ணன். முதல்ல சுவரோட ஒட்டி வெச்சாரு. மறுகா மூலைக்குக் கொண்டு போனாரு. மூலையில வெச்சா பேஸ் கூடும் எண்டு ஆரோ யூடியூப்ல சொன்னாங்களாம். அதுவும் சரிவரல்ல. சுவருக்கு ரெண்டு முழம் தள்ளி, முகத்தக் கொஞ்சம் உள்ளுக்குத் திருப்பி வெச்சாரு. டைல்ஸ் நிலம் எதிரொலிக்குது எண்டு என்ட புதுப்பாயெல்லாம் எடுத்து விரிச்சாரு. பெட்டிக்குக் கீழ கொங்கிறீட் கல்லு, ஜன்னலுக்குக் கனத்த சீலை. ஒருநாள் நான் வாறன், மனுசன் சாறன மடிச்சிக் கட்டிக்கிட்டு நிலத்துல தவழுறாரு. என்னத்தத் தொலைச்ச எண்டு கேட்டன். எந்த இடத்துல பேஸ் விழுகுது எண்டு காதால தேடுறாராம். மகள் முதுகில ஏறி இருந்து ஹோர்ன் அடிக்காள். நானும் நிண்டு சிரிச்சன். சிரிச்சிட்டுக் குசினிக்குப் போய் அடுப்படியில குந்தி இருந்து அழுத. சரி, அத விடுங்க. சீனி போதுமா?

பாட்டுப் பைத்தியம் எண்டு சொல்லாதீங்க. கட்டாரில எத்தனை வருசம் கிடந்த மனுசன். அறை நிறைய ஆக்கள், கட்டிலுக்கு மேல கட்டில். ஒரு காதுக்கு மட்டும் இயர்ஃபோன், மத்தக் காது ஆரும் கூப்பிட்டாக் கேக்கணும் எண்டு திறந்து கிடக்குமாம். பாட்டுட மேல்பாதிதான் நான் கேட்டிரிக்கன் றுமானா, கீழ்ப்பாதி கேட்டதே இல்ல எண்டு அங்க இருந்து சொல்லுவாரு. ஊருக்கு வந்து அவர் தனக்கெண்டு ஆசைப்பட்டு வாங்கினது இது ஒண்டுதான். ஒரு நல்ல சேர்ட்டு வாங்கல்ல.

வயரா? வயர அவர் பாக்கல்ல அண்ணன். பூட்ட வந்த உங்கட கடைப் பொடியன் பர்ஸான் சொல்லிட்டுப் போன, இதுல கை வெச்சா வாரண்டி போயிரும் எண்டு. இவர் சொல்லுக் கேக்கிற ஆள், இண்டைக்கு வரைக்கும் தொடல்ல. ஐயோ, எங்க எழும்புறீங்க? அண்ணன்…

சரி. பாத்துட்டீங்க தானே.

ஓம். வலப்பக்கத்துப் பெட்டிக்குப் போறதுல சிவப்பு கறுப்பில கிடக்கு, கறுப்பு சிவப்பில கிடக்கு. பர்ஸான ஏசாதீங்க, அந்தப் புள்ள சரியாத்தான் பூட்டின. பூட்டக்குள்ள இவருக்கு விளங்கப்படுத்தினதும் எனக்கு இந்தத் திரைக்குப் பின்னால கேட்ட. ஒரு பெட்டியில மட்டும் வயர் மாறிச்சிண்டா, ஒண்டு தள்ளக்குள்ள மத்தது இழுக்கும், பேஸ் செத்துரும் எண்டு சொன்ன. அத மனசில வெச்சிக்கிட்டன். நான்தான் மாத்தின.

அப்பிடிப் பாக்காதீங்க அண்ணன். நீங்க தம்பிலுவில் எண்டு சொன்னீங்க. கடலோர ஆளுக்கு நான் கனக்கக் கதைக்கத் தேவல்ல.

அந்த முதல் வெள்ளிக்கிழமை, ஜும்மா முடிஞ்சு வந்து பெட்டியப் போட்டாரு. இந்தச் சுவருக்கு அங்கால உம்மாட அறை. பேஸ் வரக்குள்ள அலுமாரிக்க கோப்பையெல்லாம் நடுங்கின. நிலத்துல காலை வெச்சா காலுக்க ஏறுது. இவர் கண்ண மூடிக்கிட்டு இருந்தாரு, கன்னத்தால தண்ணி வழியுது, அவ்வளவு சந்தோசம். நான் அவரப் பாத்துக்கிட்டே நிண்ட. மறுகாதான் பாக்கன், அறைக்க உம்மா இல்ல. மகளும் இல்ல. ஓடிப்போய்ப் பாத்தா, பக்கத்து வூட்டு மாடிப்படியில, ஆக உச்சிப்படியில நிக்கா. தலையில சீலை இல்ல. மகள்ட கைய இறுக்கிப் பிடிச்ச பிடியில புள்ளட கை சிவந்து போச்சு. கெதியா ஏறு, கடல் வருது எண்டு என்னையும் கூப்பிடுறா. சுனாமியில என்ட தம்பி போனது உம்மாட கையில இருந்துதான். பிடிச்ச கை வழுகிப் போன. அண்டைக்கும் முதல்ல காதுக்குச் சத்தம் வரல்லயாம், காலுக்குத்தான் வந்ததாம்.

கீழ இறக்கிக் கூட்டி வந்தாப் பிறகு உம்மாக்குச் சரியான வெக்கம். மருமகனுக்கு இது தெரியப்படாது, சந்தோசமா இரிக்கிற புள்ள எண்டு சொல்லி, என்னை வல்லாஹி எண்டு சத்தியம் பண்ண வெச்சா.

சொன்னா என்ன எண்டு கேப்பீங்க. இது என்ட சீதன வூடு அண்ணன். உங்கட பக்கமும் இப்பிடித்தானே, மகளுக்கு வூட்டக் குடுத்துட்டுத் தாய் தகப்பன் பின்னுக்கு ஒதுங்கிக்கிற. ஒதுங்கினாப் பிறகு மருமகன்ட ஒரு காரியத்துலயும் வாய் வெக்கப்படாது. முந்தி ஒருக்கா உம்மா, கேற்றப் பூட்டல்லயா மகன் எண்டு கேட்டதுக்கே, ஓம், உங்கட வூடு தானே எண்டு முகம் சுருங்கி, மருதமுனையில தாய் வூட்டுல போய் ஒரு கிழமை படுத்த மனுசன். கெட்டவர் இல்ல. பொண்டாட்டி வூட்டுல வந்து இருக்கிற ஆம்பிளைக்கு அப்பிடி ஒரு மனசு இரிக்கும்தானே. பெட்டியக் குறைங்க எண்டு நான் எந்த வாயால சொல்லுற? உம்மாவப் பாத்தாலும் பாவம், இவரப் பாத்தாலும் பாவம். சத்தமில்லாமப் போய் வயர மாத்திட்டன். பாட்டுக் கேக்கும்தானே, கீழ்ப்பாதி இல்லாட்டிப் பரவால்ல எண்டு நினைச்சன். அந்தக் கீழ்ப்பாதிக்குத்தான் அவர் ஏங்கிக் கிடந்த எண்டு தெரிஞ்சிக்கிட்டே.

குத்தமா இரிக்கு அண்ணன். சோறு இறங்குதில்ல. தொழுதாலும் மனசு நிக்கிதில்ல.

ஓம், மாத்துங்க. முந்தி இருந்த மாதிரியே பூட்டுங்க, திரும்பவும் நான் கை வெக்கப் பயம், அதுக்குத்தான் உங்கள வரச் சொன்ன. உம்மாட கதைய நானே அவர்ட்ட சொல்லுறன். கோவிச்சிட்டு மருதமுனைக்குப் போனாலும் போகட்டும், நான் போய்க் கூட்டி வாறன். பெட்டிய அந்தப் பக்கத்துச் சுவருக்கு மாத்தி, உம்மா வூட்டுல இல்லாத நேரமாப் பாத்துப் போட்டாக் காணும். அத அவரே செய்வாரு. நான்தான் கேக்காம விட்ட.

இல்ல, அவருக்குக் கோல் எடுக்காதீங்க, இப்ப எடுக்கமாட்டாரு. அக்கரைப்பத்துக்குப் போயிரிக்காரு. பஸ் ஏறினதும்தான் உங்களுக்கு எடுத்தன். காது பாக்கிற இடத்துக்குத்தான் போறாரு. பெட்டியிலயும் பிழை இல்ல, வெச்ச இடத்துலயும் பிழை இல்ல, அப்ப என்ட காதுதான் போயிரிக்கு எண்டு முடிவெடுத்துட்டாரு. கட்டாரில கொங்கிறீட் உடைக்கிற மெசினோட நிண்ட காதாம். இப்ப கொஞ்ச நாளா மகள் கூப்பிட்டாலும், கிட்ட வந்து கதை மகள், வாப்பாக்குக் காது குறைவு எண்டுதான் சொல்லுறாரு. புள்ளயும் கிட்டப் போய்க் காதுக்குள்ள கத்துறாள். காலைல சேர்ட்டு போடக்குள்ள என்னட்டக் கேட்டாரு, காதுல மெசின் மாட்டிக்கிட்டு உன்னோட ரோட்டால வந்தா உனக்கு வெக்கமா இரிக்குமா எண்டு. எனக்கென்ன வெக்கம் எண்டு சொல்லி, பட்டன நான்தான் பூட்டி விட்டன்.