வளர்ப்புக்கு விட்ட எருமை

ஹலோ... ஹலோ, கம்பெனிங்களா? ... ஆமாங்க, ஆமாங்க, டிரங்க் கால்தான். கவரைப்பேட்டைலேர்ந்து பேசறேன். லேத்துல வீரராகவன்னு வேலை செய்றாரே, அவரு சம்சாரம் தாயாரம்மா. கொஞ்சம் கூப்பிடறீங்களா அண்ணே? ... ஐயோ, சாவு கீவு எதுவும் இல்லண்ணே. எல்லாரும் நல்லா கீறாங்க. ஒரு விஷயம் பேசணும், அவ்ளோதான். ... சரி, சரி. லைன்லயே நிக்கறேன்.

...

ஹலோ. ... ம், நான்தாங்க. ... இல்லீங்க, எனக்கு ஒண்ணும் இல்ல. ... ரைஸ் மில்லுலேர்ந்துதான். மில்லுக்காரம்மாவைக் கேட்டுகினு பேசறேன். ... ஏன் இப்டி மூச்சு வாங்குது, ஓடியாந்தீங்களா? ... பயப்படாதீங்க. யாரும் சாவல. செத்தது ஒண்ணு பொழச்சு வந்துருக்குது, அத்த சொல்லத்தான் கூப்ட்டேன்.

... நம்ம எருமைங்க. ... ஆமா, ஒத்தக்கொம்பு. எங்கம்மா ஊட்லேர்ந்து இஸ்துகினு வந்தேனே, அதேதான். ... இன்னா, அது செத்துப்போச்சேன்றீங்களா?

... நான் சொல்றேன், கேளுங்க. நேத்து காலைல ஒரு சர்வேக்காரரு வந்தாரு. மணவாளன்னு பேரு, சின்ன வயசு. ... வரிக்கு இல்லீங்க, நானும் அப்டிதான் பயந்தேன். எழுபத்தொண்ணாம் வருஷத்து சர்வேயாம். நாடு பூரா எடுக்கறாங்களாம், யார் ஊட்ல எவ்ளோ நிலம், எத்தினி மாடுன்னு. ... ஆமா, ஆமா, சரியாத்தான் சொன்னேன். நஞ்சை ஒன்றரை ஏக்கரு, மேட்டுல எழுபது சென்ட்டு, உழவு மாடு ரெண்டு. கோழியக்கூட உடல அவரு. ஆறுன்னேன். சேவல் எத்தினி, பொட்டை எத்தினின்னாரு. அதுக்கும் தனித்தனியா கட்டம் போட்டு வச்சிருக்காங்க.

ஊட்ல எத்தினி பேருன்னு கேட்டாரு. ரெண்டு பேருன்னேன். கொழந்தைங்கன்னாரு. ... இன்னா சொல்லுவேன்? இல்லேன்னேன். எழுதிகினாரு. ... அது கெடக்கட்டும் உடுங்க.

எல்லாம் எழுதி முடிச்சுட்டு, வேற ஒரு தாளைத் திருப்பிப் பாத்துட்டு கேக்கறாரு, "ஏம்மா, பழவேற்காட்டுப் பக்கத்துல ஒரு எருமையை வளர்ப்புக்கு உட்டிருக்கீங்களே, அத்த சொல்லவேயில்லியே?"ன்னு. ... ஆமா. அவருக்கு அந்த ஊரும் லிஸ்ட்ல கீதாம். போன வாரம் அங்க போயிருக்காரு. செல்லியம்மான்னு ஒருத்தி சொன்னாளாம், "கட்டியிருக்கற எருமை என்னுது இல்லீங்க. கவரைப்பேட்டைப் பக்கம் வீரராகவன்னு ஒருத்தரு, அவரோடது. நான் வளக்கறேன், அவ்ளோதான்"னு.

... இருங்க. ... நான் முடிச்சுக்கறேன். ... யோவ், சும்மா இருய்யா!

ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி ஆடியில நான் எங்கம்மா ஊட்டுக்குப் போயிருந்தேன். திரும்பி வந்தா கொட்டாய் காலி. எருமை செத்துப்போச்சு, ஏரிக்கரையில பொதைச்சுட்டேன்னு சொன்னே. சொன்னியா இல்லியா? ... சொன்னே இல்ல? ரெண்டு நாள் எனக்கு சோறு எறங்கல. நீ பக்கத்துல உக்காந்துகினு, அழாதே தாயாரு, அழாதேன்னு முதுவைத் தடவிக் குடுத்தே. எப்டிய்யா மனசு வந்துது உனக்கு?

... அவ யாருன்னு நீ சொல்ல வேணாம். நான் போய்ப் பாத்துட்டு வந்துட்டேன்.

... ஆமா, இன்னிக்குக் காலைலதான். மொத வண்டியப் புடிச்சு பொன்னேரி, அங்கேர்ந்து பஸ்ஸு. ... தனியாத்தான் போனேன். நீ சனிக்கிழமைக்கு சனிக்கிழமை போறியே, எனக்கு மட்டும் வழி தெரியாதா? வண்டி லேட்டு, வண்டி லேட்டுன்னு சொல்லிகினு இருட்டினப்புறம் வருவியே. அந்த வண்டி எங்க நின்னு லேட்டாவுதுன்னு இப்பதான் தெரிஞ்சுது.

... அண்ணே, கொஞ்சம் வெளில இருக்கீங்களா? குடும்ப விஷயம். ... உன்னை இல்லய்யா. மில்லு கணக்கப்பிள்ளை காதைக் குடுத்துகினு நிக்கறாரு. கரண்ட் இல்ல, மிஷின் ஓடல, நான் பேசறது ரோடுவரைக்கும் கேக்குது. கேக்கட்டும்!

ஓலைக் குடிசை. வேலியாண்ட எருமை கட்டியிருந்துது. "ஒத்தக்கொம்பு"ன்னு ஒரே ஒரு குரல் குடுத்தேன். தலையைத் தூக்கிப் பாத்துச்சு. ரெண்டு வருஷமாகியும் என்னைத் தெரிஞ்சுது அதுக்கு. அப்புறம் பாக்கறேன், பக்கத்துல கன்னு. ... ஆமா. கன்னு போட்டுருக்குது. என் ஊட்ல நாலு வருஷமா சினையே நிக்கல. எத்தினி வைத்தியம் பாத்தோம், எத்தினி கடாவுக்குச் சேத்தோம். அங்க போனதும்...

... இல்ல, நான் அழல. ... அழலன்றேன் இல்ல?

அதுக்குள்ள அவ வெளில வந்தா. இடுப்புல ஒரு பொண்ணு, நாலு வயசு இருக்கும். ... நான் இன்னா நெனப்பேன்? நீயே சொல்லு. என் எருமை அவ கொட்டாய்ல. அதுக்குப் பக்கத்துல கன்னு. அவ இடுப்புல கொழந்தை. அது மூக்கைப் பாக்கறேன், காதைப் பாக்கறேன், உன் ஜாடை எங்க கீதுன்னு தேடறேன். அவ "யாருங்க, இன்னா வேணும்"னு கேட்டுகினே கீறா, நான் பைத்தியக்காரி மாதிரி அந்தக் கொழந்தை மூஞ்சியத் தேடிகினே நிக்கறேன்.

... தெரியும். ... தெரியும்யா, அவளே சொன்னா. நாகமுத்து பொண்ணு. உன்கூட லேத்துல இருந்தாரே, காமாலைல செத்தாரே, அவரு சம்சாரம்தான் இவ. ... ஆமா, நம்ம ஊட்டுக்கு வந்து சாப்ட்டிருக்காரு. வரும்போதெல்லாம் எறா எடுத்துகினு வருவாரு. நல்ல மனுஷன். அத்த நான் இல்லேன்னா சொன்னேன்?

அவரு சம்சாரம் பொழைக்கறதுக்குத்தான் எருமையைக் குடுத்தே, சரி. என்கிட்ட ஏன் சொல்லல? அத்த சொல்லு மொதல்ல. ... இன்னா? ... நான் எப்ப அப்டி சொன்னேன்? ... ... ம். ... ம். சாவுக்குப் போயிட்டு நீ வந்த அன்னிக்கா? ... ஆமா. சொன்னேன். தாலி அறுத்தவ ஊட்டுக்கு உனக்கு இன்னா போக்குவரத்துன்னு கேட்டேன். நாலு நாள் உன்கூட பேசாம இருந்தேன். ... சரிய்யா, சொன்னேன்தான், ஒத்துக்கறேன். அதுக்கு என் எருமையை சாவடிப்பியா?

இன்னொண்ணு தெரியுமா? அவ மட்டும் என்னுதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, சர்வேக்காரரு அப்டியே எழுதிகினு போயிருப்பாரு. எனக்குத் தெரிஞ்சே இருக்காது. யாரும் கேக்காமலே உண்மையச் சொல்லியிருக்கா. கெட்டவளா இருந்திருந்தா நல்லா திட்டிட்டாவது வந்திருப்பேன். அதுக்கும் வழியில்லாம பண்ணிட்டா.

மோரு குடுத்தா. வேணான்னேன். அந்தப் பொண்ணு லோட்டாவை ரெண்டு கையால புடிச்சுகினு, சிந்திகினே எடுத்தாந்து நீட்டுது. எப்டி வாங்காம இருக்கறது? வாங்கினேன். அது என்னைப் பாக்கல. எனக்குப் பின்னாடி எட்டி எட்டிப் பாக்குது. "மாமா வர்லியா?"ன்னு கேக்குது.

... உன்னைத்தான். வேற எந்த மாமா?

... அத்த கேட்டதும்தான் எனக்குப் புரிஞ்சுது. நீ போறது அவளுக்காவ இல்ல. அந்தப் பொண்ணுக்காவ. ... இல்லேன்னு சொல்லாதே. பொரி உருண்டை வாங்கிகினு போறியாமே. முதுவுல ஏத்திகினு தண்ணி வரைக்கும் போய் படகு காட்டறியாமே. ஒன்பது வருஷம்யா நமக்குக் கல்யாணம் ஆகி. ஒரு நாளாவது கொழந்தை இல்லேன்னு நீ வாயத் தொறந்ததில்ல. உனக்கு அந்த ஏக்கமே இல்லேன்னு நெனச்சுகினு இருந்தேன். எனக்கு மட்டும்தான்னு நெனச்சுகினு தனியா அழுதேன். நீ பாத்தா, அந்த ஏக்கத்தையும் இஸ்துகினு போய் அவ ஊட்ல கட்டி வச்சிருக்கே.

... இரு, ஆபரேட்டரு. ... ஆமாம்மா, பேசிகினு கீறோம், கட் பண்ணாதீங்க. இன்னும் மூணு நிமிஷம் குடுங்க.

... ம், கேளு. நாளைக்கு அந்த சர்வேக்காரரு திரும்பி வராரு. எருமை யாருதுன்னு நான்தான் சொல்லணும். நான் கெளம்பறப்ப அவ கயித்தை அவுத்து என் கையில குடுத்தா, தெரியுமா? "இஸ்துகினு போங்கக்கா, கன்னையும் சேத்து"ன்னா. ... இல்ல, வாங்கல. ... அட, பஸ்ஸுல ஏத்த மாட்டான்னு இல்லய்யா, நடந்தே வந்திருப்பேன். அந்தப் பொண்ணு கன்னு கழுத்தைக் கட்டிகினு உடவேமாட்டேன்னுது.

அதனால இப்டி எழுதச் சொல்லப்போறேன். எருமை தாயாரம்மாளுது. வீரராகவனுது இல்ல. எங்கம்மா எனக்குக் குடுத்தது. வளர்ப்புக்கு செல்லியம்மாகிட்ட கீது. கன்னு அவளுது. ... ஆமா, அவளுக்கேதான். வளத்தவ அவதானே? ... ரொம்ப சந்தோஷப்படாதே, இன்னும் முடிக்கல. மாட்டுக்காரி நான். மாட்டைப் பாக்க நான்தான் போவேன். நீ சனிக்கிழமை நேரா ஊட்டுக்கு வரே. ... பொண்ணா? பொண்ணை நான் இட்டாறேன். லீவுக்கு, திருவிழாவுக்கு, எப்பல்லாம் அவ உடறாளோ அப்பல்லாம். நம்ம ஊட்ல வச்சு கொஞ்சு. நான் இல்லாத எடத்துல கொஞ்சாதே. எனக்கும் ஒரு பங்கு குடு.

... ஹலோ? ... நீ அழறியா? ... யோவ், ஆபீஸ்ல நின்னுகினு அழாதே, நாலு பேரு பாப்பாங்க. ... சரி. ... சரி, உடு. ... நான் கோவமா இல்ல. ... கோவம்தான், இல்லாம இருக்குமா?

வச்சுடறேன். ... ஒண்ணே ஒண்ணு கேக்கறேன், கோச்சுக்காதே. அவ அழகா கீறாய்யா. நெத்தில ஒண்ணும் இல்ல, தலையில ஒரு பூ இல்ல, அப்பவும் அப்டி கீறா. ரெண்டு வருஷமா போய்க்கினு வந்துகினு கீறியே. ஒரு நாளாவது, ஒரே ஒரு நாளாவது, உனக்கு மனசுல... ... சத்தியமெல்லாம் வேணாம். சும்மா சொல்லு. ஆமான்னாலும் சொல்லு, நான் ஒண்ணும் பண்ணிக்க மாட்டேன். ... ஏன் யோசிக்கிறே? ... இன்னா? ... சரியா கேக்கலய்யா, சத்தமா... ஹலோ? ... ஹலோ? ஹலோ?

...

கட்டாயிடுச்சும்மா. ... இல்லம்மா, வேணாம். ... வேணாம், வேணாம், திரும்பப் போட வேணாம். பேச வேண்டியதெல்லாம் பேசிட்டேன்.