லாரி திரும்பாத சந்து

என்னைக் கடத்தப் போகிறார்கள் என்றே நம்பிவிட்டேன். கல்மண்டபத்தில் ஏறிய ஷேர் ஆட்டோவில், எனக்கு எதிர் சீட்டில் இரண்டு பெண்கள். மூத்தவர் நிதானமாகச் சொன்னார்.

"இந்த வாட்டி கிறிஸ்துமஸ் தாத்தாவ லாரிலேந்து தூக்கிடலாம்."

தெருத்தெருவாகக் கிறிஸ்துமஸ் பாட்டுப் பாடிப் போகும் எங்கள் சபையின் கேரல் லாரியில் இந்த வருடம் தாத்தா வேஷம் எனக்கு. சட்டென்று கர்ச்சீப்பால் முகத்தை மூடிக்கொண்டேன். வேஷத்தில் முகமூடி உண்டு, என் முகம் அவர்களுக்குத் தெரியாது என்பது அப்போது உறைக்கவில்லை.

"அந்தாளு கத்துனா, அக்கா?"

"கத்தட்டும். வருசா வருசம் மெயின் ரோட்லயே மணியாட்டிகினு போறாரு. கேட்டா, நம்ம சந்துல லாரி திரும்பாதாம்."

"லாரி திரும்பாது, சரி. பாடறவங்களுக்குக் காலு கீதுல்ல?"

"அத்தச் சொல்லு! சர்ச்சப் பெருக்க நம்ம சந்து ஜனம் வோணும், நம்ம வாசல்ல நின்னு பாட மட்டும் வோணாமா?"

"கமிட்டில கேட்டுப் பாக்கலாமா?"

"கேட்டது போதும்டீ. அடுத்த வருசம், அடுத்த வருசம்னே என் பொண்ணு கல்யாணமாயி பூட்டா."

"தாத்தா வெயிட்டா இருந்தா?"

"நாலு பேரு புடிப்போம்."

நான் தொப்பையை உள்ளே இழுத்துக்கொண்டேன்.

கேரல் அன்று லாரி அந்தச் சந்து முனைக்கு வந்தபோது, ரோட்டுக்குக் குறுக்கே பாய் விரித்துச் சந்தே உட்கார்ந்து பாடிக்கொண்டிருந்தது. என்னை யாரும் தொடவில்லை. போதகர் முதலில் இறங்கினார். பிறகு கமிட்டி, பாடகர் குழு, நான். சந்தின் கடைசி வீடு வரை நடந்து பாடினோம்.