திரையெல்லாம் சுழன்ற மாலை

அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் நூலகக் குழுத் தலைவர் அவர்களே, பின்வரிசையில் அமர்ந்தாலும் பிழை பொறுக்காத பெரியோர்களே, அடுப்பை அணைத்தோமா என்ற ஐயத்தோடு வந்திருக்கும் அன்னையரே, விசைப்பலகையைத் தொட விரல் கூசும் புதிய மாணவர்களே, வணக்கம்.

கணினிக்கு உயிர் உண்டா? நாங்கள் பயிலும் நிரல்திரைக்கு, அதாவது நிரலை எழுதி அங்கேயே ஓடவிடும் திரைக்கு, உண்டு. அங்கே கடிகாரம் ஒரு பொருள். முள் ஒரு பொருள். நாம் எழுதும் சாளரமும் ஒரு பொருள். ஓடும்போதே திருத்தினால், ஓடிக்கொண்டே திருந்தும். எத்தனை பிள்ளைகள் அப்படித் திருந்துகிறார்கள்? கைதட்டாதீர்கள், பிள்ளைகள் பக்கத்தில்தான் இருக்கிறார்கள்.

இந்தக் கணினி வகுப்பை நடத்துபவர் என் மருமகள். வகுப்புக்கு நூலகத்தில் ஓர் அறை கேட்டோம். "தேறுமா என்று பார்த்த பிறகே அறை" என்று சொல்லி, சென்ற மாதம் தலைவர் நேரில் வந்தார். எங்களோடு பயிலும் பேக்கரிக்காரர் தாம் செய்த கடிகாரத்தைக் காட்டினார். முள் மட்டும் வேகமாகச் சுழல வேண்டும். அவரோ முள்ளுக்குரிய கட்டளையை, திரையிலுள்ள அனைத்துக்கும் பொதுவான தாய்வகையில் எழுதிவிட்டார். தாய் ஆடினால் பிள்ளைகள் சும்மா இருக்குமா? முள் சுழன்றது, கடிகாரம் சுழன்றது, பொத்தான் சுழன்றது, பிழையைத் திருத்த வேண்டிய சாளரமே சுழன்றது. தலைவரின் கழுத்தும் கூடவே சாய்ந்தது.

மருமகள் அணைக்கும் பொத்தானை நோக்கிக் கையை நீட்டினாள். "அண்ணே, அணைச்சிடலாமா?"

"வேணாம்மா. இன்னும் உயிரோடதான இருக்கு, சொன்னா கேக்கும்" என்றார் பேக்கரிக்காரர்.

"எழுத்தெல்லாம் தலைகீழா ஓடுதே, எப்படிண்ணே தட்டுவீங்க?"

"நீங்க தட்டுங்க. புள்ளி, கமா விடாம நான் பாத்துக்கறேன்" என்று அவரிடம் சொன்னேன் நான்.

சாளரத்தைத் துரத்தித் துரத்தி, தலையைச் சாய்த்துச் சாய்த்து, பேக்கரிக்காரர் அந்த ஒற்றை வரியைத் தாய்வகையிலிருந்து எடுத்து முள்ளுக்குள் வைத்தார். அக்கணமே அனைத்தும் நிமிர்ந்தன. முள் மட்டும் சுழன்றது.

"நிறுத்தவே இல்லையே, எப்படிம்மா சரியாச்சு?" என்றார் தலைவர்.

"வந்து உக்காருங்க சார், தெரியும்" என்றாள் மருமகள்.

அறையைத் தந்தார், தமக்கும் ஒரு நாற்காலி கேட்டார்.

புதிய மாணவர்களே, நாளை உங்கள் திரையும் சுழலும். சுழலட்டும். சிரியுங்கள், சாயுங்கள், தட்டுங்கள். அஞ்சி அணைத்துவிட மட்டும் வேண்டாம்.

அறை தந்த குழுவினருக்கும், அலுக்காமல் கற்பிக்கும் என் மருமகளுக்கும், அவள் காதுபட நான் இதைச் சொல்வது இதுவே முதல் முறை, நன்றி கூறி அமர்கிறேன். வணக்கம்.