நாளைக்குள்ள தாண்டணும்

இளஞ்செழியன்: ...அதாவது சரிதா, உலகத்துல எந்தக் கண்ணாடியும் என்கிட்ட எதையும் மறைக்க முடியாது. தன்னடக்கத்தோடதான் சொல்றேன்.

சரிதா: இதச் சொல்லவா ஞாயித்துக்கெழம லேபுலேர்ந்து போன் பண்ண? உன் அணு தாண்டிச்சா?

இளஞ்செழியன்: ...தாண்டும்.

சரிதா: காலையில நம்ம கைடு விஜயராகவன் சார் கேட்டா?

இளஞ்செழியன்: ஒத்திகை பாக்குறேன், கேளு. "சார், கம்ப்யூட்டருக்குள்ள அணுவெல்லாம் கொட்டி, கண்ணாடியா உறைய வெச்சு, இதுக்கு மேல குளிர முடியாதுங்கற அளவுக்குக் குளிர வெச்சிருக்கேன். ஒரு அணுவுக்கு முன்னாடி ஒரு சுவரு. ஏறிக் குதிக்கத் தெம்பில்ல. ஆனாலும் ஊடுருவி அந்தப் பக்கம் போவும்."

சரிதா: போவலயே.

இளஞ்செழியன்: அணுவோட கருவக்கூட மாத்திட்டேன். உருண்டைய எடுத்துட்டு, முட்ட மாதிரி நீண்ட கரு. காந்தப்புலமும் குடுத்தேன்... அசையல.

சரிதா: நாளைக்கும் அசையலன்னா உன் ஆராய்ச்சித் தலைப்ப வேற ஆளுக்குக் குடுத்துருவாரு.

இளஞ்செழியன்: தெரியும்.

சரிதா: அப்ப நான் செய்யறதச் செய். மானிட்டர செவுத்துப் பக்கம் திருப்பு. வெளிய வந்து கதவச் சாத்து.

இளஞ்செழியன்: வயசுக்கு வந்த அணு. ஒரு திரைச்சீலையும் தெச்சுப் போட்டுரலாம்.

சரிதா: என்னோடது தாண்டிச்சுல்ல?

இளஞ்செழியன்: ப்ரோகிராம் ஓடிச்சு, தாண்டிச்சு.

சரிதா: ஓடல.

இளஞ்செழியன்: ...என்னா ஓடல?

சரிதா: அன்னிக்குப் புயல். கரண்ட் போயி, யுபிஎஸ்ஸும் உசுர விட்டுது. மறுநா வந்து போட்டுப் பாத்தா, கணக்கு நின்ன எடத்துலயே நிக்குது. அணு மட்டும் அந்தப் பக்கம் இருந்துச்சு.

இளஞ்செழியன்: ஃபைல் கெட்டுப் போயிருக்கும்.

சரிதா: மத்ததெல்லாம் அச்சுப் பிசகாம அப்படியே இருந்துச்சு, செழியா.

இளஞ்செழியன்: ...சார்கிட்ட சொன்னியா?

சரிதா: கணக்கு ஓடித்தான் தாண்டிச்சுன்னு எழுதிக் குடுத்துட்டேன். அதுலேர்ந்து திரையப் பாக்கறதில்ல. நான் பாத்துட்டிருக்கறப்ப தாண்டி... அதுவும் என்னப் பாத்துச்சுன்னா?

இளஞ்செழியன்: பி.எச்டி. பண்ற பொண்ணு பேசற பேச்சா இது... இரு, ஒரு நிமிஷம்.

சரிதா: எங்க போயிட்ட... செழியா?

இளஞ்செழியன்: ம். இருக்கேன். எங்க விட்டேன்... ஆங், மூடநம்பிக்கை. நான்லாம் திரைய மொறச்சுப் பாத்துக்கிட்டேதான் உக்காந்திருக்கேன்.

சரிதா: இவ்ளோ நேரம் கம்ப்யூட்டர் ஃபேன் இரைஞ்சுகிட்டே இருந்துச்சு. இப்பக் கேக்கலயே.

இளஞ்செழியன்: ...மெதுவா பேசு. கதவுக்கு வெளியதான் நிக்கிறேன். மானிட்டரத் திருப்பிட்டேன். மெயின் சுவிட்சயும் அணைச்சுட்டேன்.